மிஸ் ஏன் நின்னுட்டாங்க?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் பக்கத்தில் பேப்பரைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒரே விளம்பரம்தான். ‘ஆசிரியர்கள் தேவை. கணிதம், இயற்பியல், ஆங்கிலம். உணவு, தங்குமிடம் இலவசம்.’ ஈரோடு, நாமக்கல், திருப்பூர் மாவட்டங்களில் தனியார் பள்ளி கேட்டுகளில் இதே வாசகத்தோடு ஃப்ளெக்ஸும் தொங்கும். சில பள்ளிகளில் அதை ஜூன் வந்தும் கழற்றுவதில்லை. கழற்றினால் செப்டம்பரில் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

நான் மெட்ரிக் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து, அப்புறம் கோஆர்டினேட்டராகி, இப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் நடுத்தர அளவிலான ஒரு தனியார் பள்ளியில் முதல்வராக இருக்கிறேன். 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. நம் ஊரில் பி.எட். முடித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வந்தவர்கள் ஒன்றிரண்டு வருடம் பார்த்துவிட்டு பனியன் கம்பெனி அலுவலகத்துக்கோ, துணிக்கடை பில்லிங் செக்‌ஷனுக்கோ, வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். எங்கள் சிக்கல் அதுதான்.

ஏன் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி கைகொடுத்தது. ராஜினாமாக் கடிதத்தில் எப்போதும் ‘தனிப்பட்ட காரணங்களுக்காக’ என்றுதான் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டால், “வீட்டுல மாப்பிள்ளை பார்க்கறாங்க மேம்”, “அவருக்கு பெங்களூரு மாத்தலாயிருச்சுங்க மேம்” என்பார்கள். அனுபவச் சான்றிதழ் நம் கையில் இருக்கும்வரை வேறு பதில் வராது. அதனால் ரிலீவிங் ஆர்டர், சான்றிதழ், கடைசி மாதச் சம்பளம் எல்லாவற்றையும் முதலில் கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம்தான் ஒரு டீயோடு உட்கார்ந்து, “இப்போ சொல்லுங்க” என்று கேட்பேன். அப்போது வந்த பதில்களில் சம்பளம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பேச்சு அங்கே ஆரம்பித்ததில்லை. “மூச்சு விட நேரமில்லைங்க மேம்” என்றுதான் பெரும்பாலும் ஆரம்பித்தது.

இது மிகையில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். எங்கள் பள்ளியில் சனிக்கிழமையும் சேர்த்து வாரத்துக்கு 48 பீரியட். நான் பொறுப்புக்கு வந்தபோது பல டீச்சர்களுக்கு அதில் 42 பீரியட் வகுப்பு இருந்தது. அதாவது ஒரு நாளைக்கு ஒரு ஃப்ரீ பீரியட். அதிலும் யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷன் வந்து உட்கார்ந்துகொள்ளும். இனி நோட்டைப் பாருங்கள். ஐந்து செக்‌ஷன் எடுக்கிற கணக்கு டீச்சருக்கு, செக்‌ஷனுக்கு 40 பிள்ளைகள் என்றால் 200 நோட்டு. ஒரு நோட்டுக்கு ஒரே ஒரு நிமிடம் என்றாலும் 3 மணி நேரம் 20 நிமிடம். கிளாஸ்வொர்க் நோட்டு, ஹோம்வொர்க் நோட்டு, டெஸ்ட் நோட்டு என மூன்றும் இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை எங்கே உட்கார்ந்து முடிப்பது? பஸ்ஸில், வீட்டில் சாப்பாடு எடுத்து வைக்கும் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியத்தில். கட்டைப் பையில் நோட்டைச் சுமந்துகொண்டு டவுன் பஸ் ஏறும் டீச்சர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்று இருக்கிறது. அந்த 45-இல் பாடம் தயாரிக்கும் நேரமும் சேர்த்தி என்பதை அதே வரி சொல்கிறது. தயாரிப்பதும் வேலைதான் என்று 2009-லேயே சட்டம் ஒத்துக்கொண்டுவிட்டது. ஒத்துக்கொள்ளாதது எங்கள் டைம்டேபிள்தான்.

ஆகவே முதல் வேலையாக டைம்டேபிளில் கை வைத்தேன். ஜி.கே., ஹேண்ட்ரைட்டிங், ஸ்டடி பீரியட், நீதிபோதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பீரியட் இருந்தது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் டீச்சர் களைத்துப்போய் “எல்லாரும் படிங்க” என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தும் பீரியட்களாக அவை மாறிவிட்டிருந்தன. சிலவற்றை இரண்டு செக்‌ஷன் சேர்த்து நூலகத்திலும் மைதானத்திலும் வைத்தோம், சிலவற்றை எடுத்தே விட்டோம். அப்புறம் அரசுப் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேரைக் காலை நேரத்துக்கு மட்டும் பிடித்தோம். அவர்களுக்கும் வீட்டில் பொழுது போகவில்லை, எங்களுக்கும் கை தேவைப்பட்டது. 42 என்பது மெல்ல மெல்ல 34-க்கு இறங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு ஃப்ரீ பீரியட் கிடைத்தாலே ஸ்டாஃப் ரூமில் சத்தம் மாறிவிடும்.

சப்ஸ்டிட்யூஷனுக்கு ஒரு நோட்டுப் போட்டு அதை ஸ்டாஃப் ரூம் மேஜையிலேயே வைத்தோம். ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் இல்லை, வாரத்தில் இரண்டுக்கு மேல் இல்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் நானும் கோஆர்டினேட்டரும் போவோம். முதல் வாரம் யூ.கே.ஜி.க்கு நான் போய் உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ‘எனக்கு மட்டும் ஏன் போட்டாங்க’ என்ற புகைச்சல் அன்றோடு அடங்கியது. யார் எத்தனை முறை போனார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைத்ததுதான் இதில் பாதி வேலையைச் செய்தது.

நோட்டுத் திருத்துவதை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. ஏனென்றால் சிவப்பு மை இல்லாத பக்கத்தைப் பார்த்தால் பெற்றோர் சும்மா விட மாட்டார்கள். “ஃபீஸ் கட்டறோமில்ல, நோட்டுல ஒரு டிக்கூட இல்லை” என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். டிக் போடுவதும் திருத்துவதும் ஒன்றில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு நோட்டையே எடுத்துக் காட்டினேன். தப்பான விடைக்கும் வரிசையாக டிக் விழுந்திருந்த நோட்டு அது. நேரமில்லாதவர் போட்ட டிக். இனிமேல் ஒவ்வொரு வகுப்பிலும் தினம் எட்டு நோட்டை மட்டும் டீச்சர் முழுசாகப் படித்து எழுதுவார், வாரத்துக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும், மற்ற நாட்களில் விடையைப் போர்டில் பார்த்துப் பிள்ளைகளே பென்சிலால் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். கட்டைப் பைகள் குறைந்தன.

அடுத்தது செல்போன். ராத்திரி பத்தரைக்கு ஒரு மெசேஜ்: “மிஸ், நாளைக்குக் கலர் டிரஸ்ஸா யூனிஃபார்மா?” பதில் போடாவிட்டால் பத்து நிமிடம் கழித்து ஒரு கேள்விக்குறி. கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த டீச்சர் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து அழுததாகச் சொன்னார். கேட்டபோது அற்பமாகத்தான் தோன்றியது. மறுநாள் அவர் போனை வாங்கி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். வகுப்பில் 40 பிள்ளைகள், 40 அம்மாக்கள். அற்பமில்லை. வகுப்பு குழுக்களை எல்லாம் அட்மின் மட்டும் எழுதக்கூடியதாக மாற்றி, பள்ளிப் பெயரில் தனி சிம் வாங்கி அலுவலகத்தில் வைத்தோம். பெற்றோர் கேள்விகள் அந்த எண்ணுக்குத்தான், மாலை 6 மணி வரை. டீச்சரின் சொந்த எண்ணை யாருக்கும் தருவதில்லை. நான்கூட இரவில் ஸ்டாஃப் குழுவில் எதுவும் போடுவதில்லை. நினைவுக்கு வந்தால் பேப்பரில் குறித்துவைத்துக் காலையில் சொல்கிறேன்.

நாற்காலிக் கதை தனி. எங்கள் பகுதியில் பல பள்ளிகளில் வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. வேண்டுமென்றே எடுத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்களாம், சுற்றி வந்து பார்க்க மாட்டார்களாம். உட்காரவில்லை என்பதை கேமராவில் பார்க்க ஓர் ஆளும் இருப்பார். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் நாற்காலிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்களின் கால்வலி சட்டசபை வரை போனது. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போன எங்கள் டீச்சர் ஒருவர், கடைப்பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, “நாமளும் சேலைக் கடைக்கே போயிருக்கலாம் மேம்” என்றார்.

எங்கள் தாளாளரிடம் இதைப் பேசினேன். நல்ல மனிதர், ஆனால் பழைய பழக்கம். “உட்கார்ந்து பாடம் நடத்துனா கிளாஸ் கையில நிக்குமா மேடம்?” என்றார். “சார், எட்டு பீரியட் நின்ன கால் வலியோட நடத்துனாலும் நிக்காது” என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனாலும் ஒவ்வொரு வகுப்புக்கும் வந்தது. நாற்காலி வந்ததால் யாரும் பாடத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. போர்டில் எழுதும்போது நிற்கிறார்கள், பிள்ளைகள் எழுதும்போது உட்கார்கிறார்கள்.

இதோடு சேர்ந்ததுதான் கழிப்பறை. மூன்றாவது மாடியில் வகுப்பு, ஸ்டாஃப் கழிப்பறை கீழ்த்தளத்தில், அடுத்தடுத்து நான்கு பீரியட். விளைவு, பெண் டீச்சர்கள் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று என்று லீவு எழுதக் கூச்சப்பட்டு ‘காய்ச்சல்’ என்று எழுதுவார்கள். மாடியில் ஒரு கழிப்பறையை ஸ்டாஃபுக்கு ஒதுக்கிப் பூட்டுப் போட்டோம். இரண்டு பீரியடுக்கு ஒருமுறை ஐந்து நிமிட இடைவெளி விட்டோம். சின்ன மாற்றம், அதற்கான செலவு பூட்டுக்கும் பினாயிலுக்கும்தான். ஆள் போவதைத் தடுக்கப் பெரிய திட்டம் தீட்டும் நிர்வாகங்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

இனி பணம். இதைத் தாண்டிப் போய்விட்டு மற்றதைப் பேசுவது நியாயமில்லை.

தனியார் பள்ளிகளில் பலருக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. 11 மாதச் சம்பளத்தில் 12 மாதம் ஓட்ட வேண்டும். அதே மே மாத வெயிலில் நோட்டீஸைக் கையில் கொடுத்து அட்மிஷன் கேன்வாஸுக்கு அனுப்புவார்கள். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று இலக்கு வேறு. முடிக்காவிட்டால் ஏப்ரல் சம்பளமும் நிறுத்தப்படும் இடங்கள் உண்டு. வீடு வீடாகப் போய் முன்னாள் மாணவனின் அம்மாவிடம், “உங்க சின்னதை எங்க ஸ்கூல்ல போடுங்க” என்று கெஞ்சிவிட்டு, ஜூனில் அதே அம்மாவிடம் “உங்க பையன் சேட்டை பண்றான்” என்று எந்த முகத்தோடு சொல்வது? வகுப்பில் டீச்சருக்கு இருக்க வேண்டிய மரியாதையை நிர்வாகமே தெருவில் கொண்டுபோய்க் குறைத்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் இது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். விருப்பமுள்ளவர்கள் போகலாம், பெட்ரோல் காசும் நாள் படியும் உண்டு, இலக்கு கிடையாது என்ற அளவுக்கு வந்திருக்கிறது. மே சம்பளம் முதல் வருடம் பாதி, அடுத்த வருடம் முழுசு.

தாளாளரைச் சம்மதிக்க வைத்தது இரக்கம் இல்லை, ஒரு தாள். நவம்பரில் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் நின்றதால் என்ன ஆனது என்று எழுதிக் கொடுத்தேன். விளம்பரச் செலவு, டெமோ கிளாஸ் பார்க்கும் நாட்கள், நடுவில் வருபவர் கேட்கும் கூடுதல் சம்பளம், விட்டுப்போன பாடத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ், டி.சி. கேட்டு வரும் பெற்றோர். நின்றுபோன அந்த டீச்சர் கேட்டது மாதம் 2,000 ரூபாய் உயர்வு. தாளாளர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தார். நிர்வாகத்தோடு பேசப்போகும் முதல்வர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ‘பாவம் சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள், கணக்கோடு போங்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) இரண்டும் டீச்சர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளியில் பி.எஃப். உண்டு. டீச்சர் பங்கு 12 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இது தலா 1,800. சில இடங்களில் இரண்டு பங்கையும் டீச்சர் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். பே ஸ்லிப் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிராஜுவிட்டி விஷயத்தில் ஆசிரியர்கள் ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்தும் என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. அது ஒரு வருடத்துக்கு. பத்து வருடம் இருந்தவருக்கு 75,000. நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிந்தால் உரிமை. இதை ஸ்டாஃப் மீட்டிங்கில் போர்டில் எழுதிக் காட்டியபோது, நாலரை வருடத்தில் நின்றுபோன தன் தோழியை நினைத்து ஒரு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் எங்கள் பள்ளியிலும் இருந்தது. நடுவில் ஓடிவிடுவார்கள் என்ற பயம். சான்றிதழ் என்பது அடகு வைக்கும் பொருள் அல்ல என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் இது பரவலாக நடக்கிறது. நான் ஒரு சனிக்கிழமை பீரோவைத் திறந்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். தாளாளருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. அந்த வருடம் நடுவில் போனது ஒரே ஒருவர். அவரும் போகும் முன் ஒரு மாதம் இருந்து, புது டீச்சருக்குப் பாடத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) எழுதி அரசுப் பள்ளிக்குப் போகிறவர்களைத் தடுக்க நினைக்கவே கூடாது. தேர்வுக்கு முன் லீவு கேட்டால் முகம் சுளிப்பதில் என்ன லாபம்? எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், ஏற்கெனவே வேலையில் இருந்தாலும் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு இது இன்னும் முக்கியம். நாங்கள் தேர்வுக்கு முந்தைய வாரம் சம்பளத்தோடு மூன்று நாள் தருகிறோம். மாலையில் ஸ்டாஃப் ரூமிலேயே சேர்ந்து படிக்கிறார்கள். உளவியல் பகுதியை மூத்த டீச்சர் ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார்.

புதிதாக பி.எட். முடித்து வருகிறவர்கள் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்றினோம். எல்லோரும் வேண்டாம் என்று தள்ளும் வகுப்பு, அதாவது எட்டாம் வகுப்பு ‘சி’, புதியவர் தலையில்தான் விழும். தீபாவளிக்குள் அந்தப் பெண் அழுதுகொண்டு போய்விடுவார். இப்போது முதல் வருடக்காரருக்கு 28 பீரியடுக்கு மேல் இல்லை. சேட்டைக்கார வகுப்பு இல்லை. பக்கத்து செக்‌ஷனில் அதே பாடம் எடுக்கும் மூத்தவர் ஒருவர் வாரத்தில் ஒரு பீரியட் அவரோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் பேசுவார். அந்த ஒரு பீரியட் இருவர் டைம்டேபிளிலும் அச்சாகியிருக்கும். அச்சாகாவிட்டால் நடக்காது.

பெற்றோர் கோபமாக வந்தால் டீச்சரை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்துவது என்ற பழக்கமும் போனது. முதலில் நான் பேசுவேன். டீச்சர் சொல்வதைத் தனியாகக் கேட்பேன். சேர்ந்து பேசவேண்டியிருந்தால் மறுநாள், என் அறையில், என் முன்னிலையில். தவறு டீச்சர் பக்கம் இருந்தால் அதைச் சொல்லிவிடுவேன், ஆனால் பெற்றோர் போன பிறகு. நின்றுபோனவர்களிடம் பேசியதில், சம்பளத்துக்கு அடுத்தபடி மனதில் ஆறாமல் இருந்தது இதுதான். பிள்ளையின் முன்னால் அம்மா திட்டினார், முதல்வர் வேடிக்கை பார்த்தார்.

சொந்தப் பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ், கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆயாவோடு ஒரு அறை, இரண்டும் உண்டு. பல பெண்கள் இருப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் பிள்ளை படிக்கிற பள்ளியில் வேலை பார்க்கும் அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார் என்பதும் நிர்வாகங்களுக்குத் தெரியும். சலுகையே கயிறாகிவிடக் கூடாது. அதனால் டீச்சர் நடுவில் நின்றாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஃபீஸ் சலுகை தொடரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் சம்பளம் இன்னும் குறைவுதான். ஃபீஸை அரசின் கட்டணக் கமிட்டி நிர்ணயிக்கிறது, கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) அரசு தர வேண்டிய பணம் தாமதமாக வருகிறது, உயர்த்த வழியில்லை என்று தாளாளர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அவர் புதிதாக வாங்கிய இரண்டு வேன்களைக் காட்டுவேன். போன வருடம் ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். எத்தனை வருட அனுபவத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஸ்டாஃப் ரூமில் ஒட்டினோம். அதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாகப் போய்ப் பேரம் பேசுவார்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு அதிகம் கிடைக்கும், ஒருவர் சம்பளம் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. இப்போது பட்டியலைப் பார்த்து, “ஆறாவது வருஷ உயர்வு ரொம்பக் கம்மி சார்” என்று மூன்று பேர் சேர்ந்து தாளாளரிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஜூனுக்குள் அதையும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுமுறையையும் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்கான டைம்டேபிளை நான் இப்போதே போட்டு வைத்துவிட்டேன்.